வரைபடத்தின் அளவும் வாரிசுகளின் பங்கும்



2021-ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு மறுநாள், எங்கள் வீட்டுக் கூடத்தில் உம்மாவும் பிள்ளைகளாகிய நாங்கள் ஐவரும் அமர்ந்திருந்தோம். வாப்பா அவர்கள் வஃபாத்தாகி ஏழு மாதங்கள் கழிந்திருந்தன. கடன்கள் தீர்க்கப்பட்டு, வஸிய்யத்தும் நிறைவேற்றப்பட்டுவிட்டது. எஞ்சியிருந்தது ஊர் எல்லையில் உள்ள ஒரு துண்டு நிலம். ஒரு ஏக்கருக்குச் சற்றே குறைவு. அதைப் பங்கிடுவதற்காகத்தான் அமர்ந்திருந்தோம்.

பங்குக் கணக்கில் எவருக்கும் ஐயமில்லை. வாப்பாவின் பெற்றோர் முன்பே மறைந்துவிட்டார்கள். ஆகவே உம்மாவுக்கு எட்டில் ஒன்று. எஞ்சியது மக்களுக்கு, ஆணுக்கு இரண்டு பெண்ணுக்கு ஒன்று என்ற வீதத்தில். ஆண்கள் இருவர், பெண்கள் மூவர். நிலத்தை எட்டுக் கூறாக்கினால் உம்மாவுக்கு ஒன்று, சகோதரிகள் மூவருக்கும் ஒவ்வொன்று, காக்காவுக்கு இரண்டு, இளையவனான எனக்கு இரண்டு. பின்னம் விழாத கணக்கு இப்படி அமைவதே அபூர்வம் என்று மௌலவி ஒருவர் கூறியபோது எங்களுக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது.

சிக்கல் கணக்கில் இல்லை, வரைபடத்தில் இருந்தது! அந்தச் சிக்கலை உண்டாக்கியவனும் நானே. இன்று பாகப்பிரிவினைக்கும் வீட்டு வரைபடத்துக்கும் கணிப்பொறியைத் திறக்காத குடும்பம் குறைவு. ஆகவே எனக்கு நேர்ந்ததைத் தங்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அரசு இணையதளத்திலிருந்து எங்கள் சர்வே எண்ணுக்குரிய புலப்படத்தைக் கணினிக் கடை ஒன்றில் அச்செடுத்து வைத்திருந்தோம். தாளின் ஓரத்தில் அளவுத்திட்டம் 1:1000 என்று இருந்தது. அதாவது தாளில் ஒரு சென்டிமீட்டர், தரையில் 10 மீட்டர். அந்தத் தாளை ஸ்கேன் செய்து, படத்தின் மீது கோடு போட்டால் நீளம் சொல்லும் மென்பொருள் ஒன்றில் ஏற்றினேன். ‘அளவுத்திட்டம் என்ன?’ என்று அது கேட்டது. தாளில் கண்டபடியே 1:1000 என்று கொடுத்தேன். நிலத்தின் நீளம் 97 மீட்டர், அகலம் 38.8 மீட்டர் என்று திரை காட்டியது. நீளத்தை எட்டால் வகுத்தேன். ஒரு கூறுக்கு முகப்பு 12.125 மீட்டர். மூன்று தசம இலக்கம் வரை துல்லியம்! சாலைமுனையிலிருந்து உம்மாவின் பங்கில் தொடங்கி, வரிசையாக வண்ணம் தீட்டி, கடைசியில் கிழக்குக் கோடியில் என் பங்கை வைத்து, கூடத்தில் இருந்தோர்க்குப் பெருமையோடு காட்டினேன்.

மூத்த சகோதரியார் எட்டாம் வகுப்புக்கு மேல் படித்தவர் அல்லர். மடியில் பட்டாவை வைத்திருந்தார். “தம்பி, பட்டாவிலே நாற்பது ஏர்ஸ்னு போட்டிருக்கு. ஒன்னோட பெட்டி எவ்வளவு சொல்லுது?” என்று கேட்டார்.

பெருக்கிப் பார்த்தேன். 3,763 சதுர மீட்டர். அதாவது முப்பத்தேழரை ஏர்ஸுக்குச் சற்று மேல். நாற்பது ஏர்ஸ் என்றால் 4,000 சதுர மீட்டர் இருக்கவேண்டும். கிட்டத்தட்ட ஆறு சென்ட் நிலத்தைக் காணவில்லை!

“பட்டா பழசு லாத்தா, அந்தக் காலத்துச் சங்கிலி அளவு முன்னே பின்னே இருக்கும்” என்று சமாளித்தேன். தவறு பட்டாவிலா, என்னிலா என்று பார்க்கும் பொறுமைகூட எனக்கு அப்போது இல்லை. லாத்தா விடவில்லை. தாளை வாங்கிக் கண்ணுக்கு அருகில் பிடித்து, “இந்தக் கோட்டு மேலேயே நூறுன்னு எழுதியிருக்கே” என்றார்.

ஆம், எழுதியிருந்தது. புலப்படத்தில் எல்லைக் கோடுகளின் மீதே தரையில் அளந்த நீளம் மீட்டரில் குறிக்கப்பட்டிருக்கும். நான் கூறுபோடும் ஆசையில் அதைப் படிக்கவே இல்லை. நூறு என்று எழுதியிருந்த கோட்டைத்தான் என் கணிப்பொறி தொண்ணூற்றேழு என்று அளந்திருக்கிறது.

காரணம் எளிது. அச்சுப்பொறியில் ‘தாளுக்குப் பொருத்து’ என்று ஒரு வசதி உண்டு. ஓரம் வெட்டுப்படாதிருக்க அது படத்தைச் சற்றே சுருக்கிவிடும். எங்கள் படம் நூற்றுக்குத் தொண்ணூற்றேழாகச் சுருங்கிவிட்டது. படம் சுருங்கியதே தவிர ஓரத்தில் இருந்த ‘1:1000’ என்ற எழுத்து அப்படியே நின்றது. பத்து சென்டிமீட்டர் இருக்கவேண்டிய கோடு 9.7 சென்டிமீட்டர் ஆகிவிட்டது. அந்தத் தாள் ‘நான் இன்னும் ஆயிரத்துக்கு ஒன்றுதான்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தது. நான் நம்பினேன்.

நீளத்தில் நூற்றுக்கு மூன்று என்பது அற்பமாகத் தோன்றும். பரப்பளவில் அது ஏறக்குறைய ஆறாகிவிடும். ஏனெனில் பிழை நீளத்திலும் அகலத்திலுமாக இரு முறை வருகிறது. அந்த அளவை அப்படியே நாடாவில் எடுத்துச் சென்று தரையில் கல் நட்டிருந்தால் நிகழ்ந்திருக்கக்கூடியதை எண்ணிப் பாருங்கள். சாலைமுனையிலிருந்து கூறுக்கு 12.125 மீட்டர் வீதம் ஆறு கூறுகள் 72.75 மீட்டரில் முடிந்துவிடும். நிலமோ உண்மையில் நூறு மீட்டர். கிழக்குக் கோடியில் 25 மீட்டருக்குப் பதில் 27.25 மீட்டர் மிஞ்சும். 40 மீட்டர் அகலத்தில் அது 90 சதுர மீட்டர். இரண்டு சென்ட்டுக்கும் மேல்! கிழக்குக் கோடி யாருடையது? என்னுடையது. உம்மாவின் பங்கிலும், சகோதரிகள் ஒவ்வொருவர் பங்கிலும் பதினைந்து சதுர மீட்டர் குறைந்திருக்கும், காக்காவுக்கு முப்பது. பதினைந்து சதுர மீட்டர் என்பது ஐந்து மீட்டருக்கு மூன்று மீட்டர், ஓர் அறை. நான்கு பெண்களிடமிருந்து ஆளுக்கு ஓர் அறையையும், உடன்பிறந்தவரிடமிருந்து இரண்டு அறைகளையும் எடுத்து என் வேலிக்குள் வைத்திருப்பேன். எவரும் அறிந்திருக்கமாட்டார்கள், நான் உட்பட. பிறர் நிலத்தில் ஒரு சாண் எடுப்பவனைப் பற்றிய நபிமொழியைக் கேளாத முஸ்லிம் இல்லம் உண்டோ?

பாக்தாத் அளந்ததும் கொலம்பஸ் படித்ததும்

இப்பிழையில் விழுந்தவன் நான் மட்டும் அல்லன் என்பதில் எனக்கொரு சிறு ஆறுதல். வரலாற்றின் மிகப் பெரிய அளவுப் பிழைகளுள் ஒன்றும் இவ்வகையைச் சேர்ந்ததே.

கி.பி. 813 முதல் 833 வரை ஆட்சி புரிந்த கலீஃபா மஃமூன் அவர்கள், பூமியின் சுற்றளவை அறிய விரும்பி அறிஞர் குழுவினரை அனுப்பிவைத்தார். இன்றைய இராக்கில் உள்ள சின்ஜார் சமவெளியில் அவர்கள் கூடினர். வான் துருவத்தின் உயரத்தைக் கருவியால் அளந்துகொண்டு, ஒரு பிரிவினர் வடக்கு நோக்கியும் மற்றொரு பிரிவினர் தெற்கு நோக்கியும் கயிறு பிடித்து அளந்தபடி நடந்தனர். துருவ உயரம் ஒரு பாகை மாறும் வரை நடந்தனர். அவ்வகையில் ஒரு பாகைக்கு 56⅔ மைல் என்ற எண் வழக்கில் நிலைபெற்றது. அந்த மைல் அரபு மைல். நாலாயிரம் முழம் கொண்டது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றே குறைவு என்பது ஆய்வாளர் பலரின் கணிப்பு. அவ்வாறு கொண்டால் ஒரு பாகை ஏறக்குறைய 111 கிலோமீட்டர் வருகிறது. இன்றைய அளவும் அதுவே!

அல்ஃபர்கானீ என்ற வானியல் அறிஞரின் நூல் வழியாக அந்த எண் ஐரோப்பாவை அடைந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் கொலம்பஸும் அதைப் பற்றிக்கொண்டார். ஆனால் அவர் மனத்தில் இருந்தது இத்தாலிய மைல். அது ஒன்றரை கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. எண்ணை மாற்றவில்லை, அலகு மட்டும் மாறிப்போயிற்று. பூமி கால் பங்கு சுருங்கிவிட்டது! ஆசியாவின் அகலத்தையும் அவர் மிகையாக நம்பியதால், மேற்கே சிறிது தொலைவு சென்றாலே இந்தியா வந்துவிடும் என்று 1492-இல் பாய் விரித்தார். இடையில் ஒரு கண்டம் குறுக்கிட்டிராவிடில் அக்கப்பல்கள் திரும்பியிருக்குமா என்பது ஐயமே.

என் கணிப்பொறியும் செய்தது வேறன்று. எண் சரி, அந்த எண்ணுக்குரிய அளவுத்திட்டம் வேறு.

அடிக்கோடு ஒன்று வேண்டும்

பிறகு என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். தாளில் எழுதியிருந்த ‘1:1000’ என்பதை மறந்துவிட்டோம். நீளம் அறிந்த ஒரு கோட்டை எடுத்துக்கொண்டோம். மென்பொருளில் ‘அளவு அமை’ என்னும் பொருளுடைய கட்டளை ஒன்று இருக்கும். இலவசமாகக் கிடைக்கும் இமேஜ்ஜே போன்ற நிரலில் முதலில் கோடு வரைந்துவிட்டு, பிறகு அந்தக் கட்டளையைத் திறந்து, ‘இக்கோட்டின் உண்மை நீளம் 100, அலகு மீட்டர்’ என்று எழுதவேண்டும். எங்கள் ஸ்கேனில் அக்கோடு 1,146 பிக்ஸல் நீளம் இருந்தது. அங்குலத்துக்கு 300 பிக்ஸல் வீதம் எடுத்த படம் அது. ஆக ஒரு பிக்ஸல் தரையில் எட்டே முக்கால் சென்டிமீட்டர். இதற்குப் பின் திரையில் போட்ட ஒவ்வொரு கோடும் உண்மை பேசத் தொடங்கியது. தாள் எவ்வளவு சுருங்கியிருந்தாலும் கவலையில்லை. கோடும் சேர்ந்தே சுருங்கியிருக்கிறது அல்லவா?

கோட்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. இருப்பதிலேயே நீளமானதை எடுங்கள். சுட்டியை வைக்கும்போது கை நடுங்கி, ஒவ்வொரு முனையிலும் ஒரு பிக்ஸல் தவறுவது இயல்பு. ஆயிரத்துச் சொச்சம் பிக்ஸல் நீளக் கோட்டில் இரண்டு பிக்ஸல் பிழை ஆயிரத்தில் இரண்டுதான். நூறு பிக்ஸல் நீளமுள்ள கிணற்று மேட்டை வைத்து அளவு அமைத்தால் அதே நடுக்கம் நூற்றுக்கு இரண்டாகிவிடும். அந்தப் பிழை அந்தக் கோட்டோடு நிற்பதுமில்லை. அதன் பின் அளக்கும் அனைத்திலும் ஏறிக்கொள்ளும். படத்தைப் பெரிதாக்கிக்கொண்டு முனைகளைச் சொடுக்குவது நல்லது.

நம் மண்ணிலேயே இதற்கொரு சான்று உண்டு. 1802-ஆம் ஆண்டு வில்லியம் லாம்ப்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி, சென்னைப் பரங்கிமலைக்கு அருகே சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோட்டை நூறடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். வெயிலில் எஃகு நீளும் என்பதால் வெப்பமானியையும் உடன் வைத்துக் கணக்கிட்டார். பின்னாளில் இமயம் வரை சென்ற பெரும் முக்கோண நில அளவைப் பணி அங்கிருந்து தொடங்கியது. தொலைவுகளை ஒவ்வொன்றாகச் சங்கிலியிட்டு அளக்கவில்லை. கோணங்களை அளந்து, அந்த அடிக்கோட்டிலிருந்து கணக்கிட்டார்கள். ஒரு கோட்டை மட்டும் உயிரைக் கொடுத்து அளந்ததன் காரணம் அதுவே. அத்தோடும் அவர் நிறைவடையவில்லை. 1804-இல் பெங்களூருக்கு அருகே இரண்டாவது அடிக்கோட்டை அளந்து, முதல் கோட்டிலிருந்து கணக்கிட்ட நீளத்தோடு ஒப்பிட்டார். வேறுபாடு சில அங்குலங்களே!

அந்த இரண்டாவது கோடு நமக்கும் வேண்டும். ஒரு கோட்டால் அளவு அமைத்தபின், அதற்குக் குறுக்குத் திசையில் நீளம் தெரிந்த வேறொரு கோட்டை அளந்து பாருங்கள். எங்கள் படத்தில் அகலக் கோட்டின் மீது 40.0 என்று எழுதியிருந்தது; திரையும் 40 காட்டியது. மனம் ஆறியது. இரண்டும் ஒத்துவரவில்லையென்றால், படம் ஒரு திசையில் மட்டும் இழுபட்டிருக்கிறது என்று பொருள். ஜெராக்ஸ் எடுத்து எடுத்துப் பழகிய பழைய தாள்களிலும், ஈரத்தில் ஊறி உலர்ந்த தாள்களிலும் இது நேர்வதுண்டு.

கைப்பேசியில் சாய்வாகப் பிடித்த படத்திலோ அருகில் உள்ள ஓரம் பெரிதாகவும் தொலைவில் உள்ள ஓரம் சிறிதாகவும் விழும். அத்தகைய படத்துக்கு எந்த ஒரே அளவுத்திட்டமும் பொருந்தாது. நாற்புறத்திலும் இடம் தெரிந்த நான்கு புள்ளிகளையேனும் குறித்துப் படத்தை நேராக்கும் கியூஜிஐஎஸ் போன்ற மென்பொருள் வேண்டும். இயலுமானால் ஸ்கேனரிலேயே எடுத்துவிடுங்கள். பாதித் தொல்லை தீரும்.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தைக் குறித்தும் ஒரு சொல். அனுப்பும்போது படம் சுருக்கப்படுவதுண்டு. 3,508 பிக்ஸல் நீளம் 1,754 ஆகப் பாதியாகிவிட்டால், முன்னர் ‘ஒரு பிக்ஸலுக்கு இவ்வளவு’ என்று அமைத்த அளவு அடியோடு செல்லாது. படத்தின் அளவு எப்போது மாறினாலும் அளவுத்திட்டத்தை மறுபடி அமைக்கத்தான் வேண்டும். வரைபடத்தில் மீட்டர் குறியிட்ட அளவுகோல் பட்டை ஒன்று வரையப்பட்டிருந்தால் அதையே நம்புங்கள். ஏ-3 தாளை ஏ-4 ஆக்கும்போது நீளம் நூற்றுக்கு எழுபத்தொன்றாகக் குறையும். எழுத்தில் உள்ள 1:1000 பொய்யாகிவிடும். பட்டையோ படத்தோடு சேர்ந்து சுருங்கி மெய்யாகவே நிற்கும்.

அலகையும் இருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நம் பாட்டனார் காலத்து வரைபடங்களில் எண்கள் மீட்டரிலோ அடியிலோ இல்லாமல் ‘லிங்க்’ கணக்கில் இருக்கக்கூடும். நூறு லிங்க் ஒரு சங்கிலி, அதாவது 66 அடி. 500 லிங்க் என்றால் 330 அடி. அதை 500 அடி என்று பதிந்துவிட்டால் கொலம்பஸ் கதைதான்.

செயற்கைக்கோள் படத்தில்

புலப்படம் கிடைக்காதவர்கள் இணைய வரைபடத்தில் நிலத்தைத் தேடி, திரையைப் படம்பிடித்து அளப்பதைக் காண்கிறேன். அதில் வேறொரு வலை விரிந்திருக்கிறது. உருண்டையான பூமியைத் தட்டையாக்கி 1569-இல் மெர்கேட்டர் என்பவர் வகுத்த முறையையே பெரும்பாலான இணைய வரைபடங்கள் சிறு மாற்றத்துடன் பின்பற்றுகின்றன. அம்முறையில் நிலநடுக்கோட்டை விட்டு விலக விலக நிலம் பெரிதாக இழுபடும். சென்னை இருக்கும் 13 பாகையில் இழுப்பு நூற்றுக்கு 2.6. மக்காவில் ஏழுக்கும் மேல். இலண்டனில் அறுபது! அந்த வரைபடங்களோடு வரும் தூரம் அளக்கும் கருவி இதை அறிந்து திருத்திக்கொள்கிறது. படத்தை எடுத்து வேறொரு மென்பொருளில் வைத்து, வேறோர் ஊருக்குரிய அளவுகோலை அதன்மேல் சுமத்தினால்தான் வம்பு. பெரிதாக்கும் நிலையை மாற்றினாலும் பழைய அளவு செல்லாது. உயரமான கட்டடங்கள் செயற்கைக்கோள் படத்தில் ஒருபுறம் சாய்ந்து தெரியும். கூரையை அல்ல, அடித்தளத்தை அளக்கவேண்டும்.

பயணத்தில் தொழுகையைச் சுருக்கும் தூரம் பற்றி வாசகர் சிலர் நம்மிடம் கேட்பதுண்டு. சட்ட விளக்கத்தை ஆலிம்களிடம் கேட்டறிவதே முறை. அளவைப் பொறுத்தவரை ஒன்று மட்டும் நினைவூட்டுவேன். திரையில் இரண்டு ஊர்களை இணைத்து இழுக்கும் நேர்கோடு பறவை பறக்கும் தூரம். நீங்கள் செல்வதோ சாலை. எண்பது கிலோமீட்டரை ஒட்டிய ஊர்களில் இந்த வேறுபாடு கணக்கையே மாற்றிவிடும்.

சட்டத்தின் முன் திரையில் அளந்த எந்த அளவும் சான்றாகாது என்பதையும் சொல்லிவிடவேண்டும். உட்பிரிவு செய்து பட்டா பெற, தாலுகா அலுவலகத்துக்கு மனுச்செய்து, நில அளவர் வந்து அளந்தே ஆகவேண்டும். வீட்டுக்குள் பேசி முடிப்பதற்கும், அளவர் வரும்போது அவர் சொல்வதைப் புரிந்துகொள்வதற்குமே இந்தக் கணிப்பொறி.

நாங்கள் நில அளவருக்கு மனுப்போடுமுன், மறுநாள் அதிகாலை நாடாவோடு நிலத்துக்குப் போனோம். ஒரு முனையைக் காக்கா பிடித்தார், மறுமுனையை நான். லாத்தா குடையோடு நடுவில் நின்று, நாடா தொய்கிறது என்று இருவரையும் அதட்டிக்கொண்டிருந்தார். முப்பது மீட்டர் நாடா. நான்கு முறை முளையடித்து அளந்ததில் நூறு மீட்டரும் ஆறு சென்டிமீட்டரும் வந்தது. அந்த ஆறு சென்டிமீட்டர் நாடாவின் தொய்வு என்று லாத்தா தீர்ப்பளித்துவிட்டார். கூறுக்குப் பன்னிரண்டரை மீட்டர் வீதம் முளைகள் இறங்கின. முந்தைய நாள் திரையில் நான் பச்சை வண்ணம் தீட்டியிருந்த என் பங்கின் மேற்கு எல்லை, இரண்டே கால் மீட்டர் கிழக்கே நகர்ந்தது. அந்த இடைவெளியில் வாப்பா வைத்த ஒரு முருங்கை நின்றது. அது இப்போது காக்காவுடையது. கீரை வேண்டுமானால் கேட்டுப் பறித்துக்கொள்ளலாம் என்றார்.